சின்னப் பவளத் தொட்டியில் பாசி: எது வந்திருக்கிறது, என்ன செய்வது

போன வாரம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் சித்தி மகன் ஒரு படம் அனுப்பினான். 40 லிட்டர் தொட்டி, மணல் முழுக்கப் பழுப்பு. கீழே ஒரே வரி: "அண்ணா, பாசி வந்துடுச்சு, எந்த மருந்து ஊத்தணும்?"

நான் மூன்று கேள்வி கேட்டேன். விரலால் தேய்த்தால் தூளாகப் போகிறதா, தாளாக உரிகிறதா, சளி மாதிரி நீளுகிறதா? ராத்திரி லைட் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் இருக்கிறதா? நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு? மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்விகளுக்குக் காரணம் இருக்கிறது. படத்தில் ஒரே மாதிரி தெரிகிற பழுப்பு நிறம் மூன்று வேறு வேறு உயிரிகளால் வரலாம். ஒன்று நாம் சும்மா இருந்தாலே போய்விடும். இன்னொன்று நன்றாகச் சுத்தம் செய்தால் போகும். மூன்றாவது, சுத்தம் செய்யச் செய்யத்தான் பெருகும். பெயர் தெரியாமல் மருந்து ஊற்றினால் பாசி சாகிறதோ இல்லையோ, பவளம் செத்துவிடும். அதனால் கீழே பாசியின் பெயரை வைத்து அல்ல, கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற அடையாளத்தை வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டிக்குப் பொருந்துகிற இடத்தில் நின்று படியுங்கள்.

தொடும் முன் அளந்து எழுதி வையுங்கள்

சின்னத் தொட்டிக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு: உப்பு 35 (ஆயிரத்துக்கு), வெப்பம் 25 டிகிரி, நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருப்பதுதான் நல்லது என்று நினைக்காதீர்கள். பவளத்துக்கும் சாப்பாடு வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டி முழுக்கப் பச்சை முடியாக இருக்கும்போது பாஸ்பேட் அளந்தால் சில சமயம் பூஜ்யம் காட்டும். தண்ணீரில் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம், தொட்டிக்குள் வரவே இல்லை என்று அல்ல. வந்ததையெல்லாம் பாசி முதலில் தின்றுவிடுகிறது.

மணலில் பழுப்புத் தூள், ஊதினால் புகையாகக் கிளம்புகிறது

தொட்டி வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கண்ணாடியிலும் மணலிலும் காபித் தூள் தூவியது போலிருக்கிறது, விரலில் ஒட்டாமல் கலைகிறது, குமிழி கிடையாது. இது டயட்டம் என்ற நுண்பாசி. புது மணலிலும் தண்ணீரிலும் உள்ள சிலிகேட்டைத் தின்று வளர்கிறது. அது தீர்ந்ததும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே போகும். மருந்து வேண்டாம், லைட்டைக் குறைக்க வேண்டாம். ட்ரோக்கஸ் நத்தை இரண்டு விட்டால் தின்று தீர்த்துவிடும்.

தொட்டி வைத்து ஆறு மாதம் ஆன பிறகு இதே தூள் திரும்பி வந்தால் ஆர்ஓ மெஷினில் வடிகட்டி ஊற்றுகிற தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். 3, 4 என்று ஏறத் தொடங்கிவிட்டால் மெஷினின் கடைசிக் கட்டத்தில் மிச்சத்தைப் பிடிக்கிற டிஐ ரெசின் தீர்ந்துவிட்டது. நாலுதானே என்று விடாதீர்கள், ரெசின் தீரும்போது முதலில் நழுவி வருவதில் சிலிகேட்டும் ஒன்று.

கருஞ்சிவப்புத் தாள், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிகிறது

பாலாடை மாதிரி மணல் மேல் படர்ந்திருக்கும். பெரும்பாலும் கருஞ்சிவப்பு, சில சமயம் கரும்பச்சை. உரித்து முகர்ந்தால் சேற்று நாற்றம். இது சயனோபாக்டீரியா. பேருக்குத்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. காற்றிலிருந்து வந்து கரைந்த நைட்ரஜனையே பிடித்துத் தின்னக்கூடிய வகைகள் இதில் உண்டு. அதனால் நைட்ரேட் பூஜ்யமாகவும் பாஸ்பேட் கொஞ்சம் மீதியாகவும் இருக்கிற தொட்டியில் இதற்குப் போட்டியே இருக்காது.

எங்கே படர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பம்பின் ஓட்டம் எட்டாத மூலையில்தான் இருக்கும். அந்த மூலையில்தான் சாப்பாட்டுத் துணுக்கும் கழிவும் தங்கும். மெல்லிய டியூபால் தாளை உறிஞ்சி வாளிக்கு அனுப்புங்கள். கையால் கலைத்தால் துண்டு துண்டாகப் போய் நாலு இடத்தில் உட்காரும். அப்புறம் பம்பின் வாயை அந்த மூலைக்குத் திருப்புங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை உறிஞ்சி, வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றினால் மூன்று வாரத்தில் அடங்கும்.

அடங்காவிட்டால் மூன்று நாள் லைட் அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடலாம். சயனோவுக்கென்று விற்கிற தூளும் இருக்கிறது. இரண்டிலுமே ஆபத்து ஒன்றுதான்: சாகிற பாக்டீரியா தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் குறைக்கும். டர்பனில் ஜனவரி பிப்ரவரியில் தொட்டி 28 டிகிரிக்குப் போகிற நாட்களில் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. ஏர் பம்ப் ஓடாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். தூள் போட்டால், மருந்தை உறிஞ்சிவிடும் கார்பனை (பில்டரில் உள்ள கரியை) எடுத்துவிட்டு, டப்பாவில் சொன்ன நாள் முடிந்ததும் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் சயனோ வருவது தைப்பூசத்துக்குப் பிறகுதான். காவடிக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள், வருகிற ஒவ்வொரு குழந்தையும் மீனுக்கு ஒரு சிட்டிகை போடும். குழந்தையைத் தடுக்க மனசு வராது. இப்போது அந்த வாரம் மட்டும் அன்றன்றைக்கு உரிய சாப்பாட்டை ஒரு சின்ன டப்பாவில் அளந்து வைத்துவிடுகிறேன். குழந்தைகள் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் மீன் சாப்பிட்டு முடித்தது.

பழுப்புச் சளி, நூல் நூலாக ஆடுகிறது, நுனியில் குமிழி

சித்தி மகன் தொட்டியில் இருந்தது இதுதான். காலையில் மணல் வெள்ளையாக இருக்கும். லைட் போட்டு இரண்டு மணி நேரத்தில் பழுப்பு திரும்பும். மாலையில் பாறை மேலும் பவள நுனியிலும் மூக்குச்சளி போலத் தொங்கும், ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு காற்றுக் குமிழி. ராத்திரி மறுபடி காணாமல் போகும். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து கிடக்கும். இது டைனோஃபிளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே உறுதி செய்யலாம். சளியோடு கொஞ்சம் தொட்டித் தண்ணீரை மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் எடுத்து, சளி முழுக்கக் கரையும்வரை நன்றாகக் குலுக்குங்கள். காபி வடிகட்டும் காகிதத்தில் ஊற்றி, கீழே இறங்குகிற தண்ணீரை வேறு குப்பியில் பிடித்து, லைட்டுக்கு அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடியும் நூல் கட்டினால் அது டைனோ. ஒவ்வொன்றும் தனித்தனிச் செல், நீந்தத் தெரிந்தது, காகிதத்தின் துளை வழியே இறங்கி மீண்டும் ஒன்று சேர்ந்துகொள்கிறது. டயட்டம் அப்படிச் சேராது.

இது ஏன் வருகிறது என்பதுதான் பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது. தொட்டி அழுக்காக இருப்பதால் அல்ல, பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கியதால். தம்பியிடம் விசாரித்தேன். இரண்டு மாதமாகப் பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புக் குருணை பையில் தொங்குகிறது, வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறான், மீன் ஒன்றே ஒன்று, அதற்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சாப்பாடு. மற்ற பாசியும் நல்ல பாக்டீரியாவும் பட்டினியில் ஒதுங்கிவிட்டன. காலி மனையில் டைனோ குடியேறிவிட்டது. பழுப்பைப் பார்த்து அவன் பயந்து, தண்ணீரை இன்னும் அதிகமாக மாற்றினான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

செய்ய வேண்டியது இப்படி. தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். குருணைப் பையை எடுங்கள். மீனுக்குத் தினமும் இரண்டு வேளை போடுங்கள். அதிலும் ஏறாவிட்டால் நைட்ரேட், பாஸ்பேட் கரைசலாகவே கடையில் கிடைக்கும், சொட்டுச் சொட்டாக விட்டு நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.1 அருகே வரும்வரை தினமும் அளந்துகொண்டே ஏற்றுங்கள். முதல் சில நாள் ஊற்றியதெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியாது, அளவு திரும்பத் திரும்பப் பூஜ்யம் காட்டும். பாறையும் மணலும் குடித்துக்கொண்டிருக்கும். விடாதீர்கள்.

அதோடு, பள்ளிக்கூடத்துப் பழைய மைக்ராஸ்கோப் கிடைத்தால்கூடப் போதும், ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கண்ணீர்த்துளி வடிவில், கட்டிப்போட்ட ஆடு முளையைச் சுற்றுகிற மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ். அது ராத்திரியில் மணலை விட்டுத் தண்ணீருக்குள் மிதக்கும், அதனால் யூவி (புற ஊதா) விளக்கு வழியாகத் தண்ணீரை ஓடவிட்டால் அதைப் பிடித்துவிடும். யூவி பம்பை நேராகத் தொட்டியிலிருந்தே உறிஞ்ச வைத்து, ஓட்டத்தை மெதுவாக வையுங்கள். முட்டை வடிவில் மணலிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் ஆம்ஃபிடினியம். அது மேலே வராது, யூவிக்குச் செலவழித்த காசு வீண். அதற்கு எதிராகச் சிலிகேட்டை அளவோடு சேர்த்து டயட்டத்தை வளரவிட்டு, மணலில் இடம் பிடிக்க வைப்பார்கள். மேலே நான் சும்மா விடச் சொன்ன அதே டயட்டம்தான், இங்கே நமக்குக் காவல்காரன்.

கையுறை போடாமல் இந்தச் சளியில் கை வைக்காதீர்கள். ஆஸ்ட்ரியாப்சிஸில் கடுமையான நஞ்சு உண்டு. சளியை உறிஞ்சும்போது டியூபை வாயால் இழுக்கவே கூடாது.

ஐந்தாறு வாரம் ஆகும். இடையில் பச்சைப் பாசி கொஞ்சம் தலைகாட்டினால் சந்தோஷப்படுங்கள், அது டைனோ தோற்கத் தொடங்கியதற்கு அடையாளம்.

பச்சை முடி, பாறையில் வேர் பிடித்த மாதிரி

விரலால் தேய்த்தால் போகாது, சுருட்டி இழுத்தால் பிய்ந்து வரும், ராத்திரியும் பகலும் அங்கேயே இருக்கும். இதுதான் எல்லோரும் பொதுவாகப் பாசி என்று சொல்வது. கையால் பிடுங்காமல் எந்த வழியும் முழுசாக வேலை செய்யாது. நீண்ட முடியை நத்தை தின்னாது, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான குருத்தைத்தான் மேயும். பாறையைத் தூக்க முடிந்தால் ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் வைத்து டூத்பிரஷால் தேய்த்து, அலசி, திரும்ப வையுங்கள். பிடிவாதமான இடத்தில், பாறை வெளியில் இருக்கும்போதே, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிரஷால் தடவி, இரண்டு நிமிடம் விட்டு அலசலாம். பவளத்தின் மேல் படக்கூடாது. பொத்தான் பவளம் ஒட்டிய பாறை என்றால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அந்தப் பாறையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு, அந்த ஆவியைச் சுவாசித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உலகில் பல இடங்களில் உண்டு.

பிடுங்கிவிட்டு அதோடு விட்டால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். நான் தேடிய மூன்று இடத்தைச் சொல்கிறேன்.

முதலாவது தண்ணீர். நான் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர்க் குடிநீர் நிலையம் அடித்துப் போனது, பல மாதம் குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர்தான். ஆர்ஓ மெஷினுக்குக் குழாயின் அழுத்தம் வேண்டும், அது இல்லை. ஆவியாகிப் போன அளவுக்கு லாரித் தண்ணீரையே நேராகத் தொட்டியில் ஊற்றினேன். தினம் ஒரு லிட்டர், பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும், அதில் உள்ளதெல்லாம் தொட்டியிலேயே தங்கும். மூன்றாம் வாரம் பின்பக்கப் பாறை முழுக்கப் பச்சை முடி. அதற்குப் பிறகு 25 லிட்டர் கேன் இரண்டில் ஆர்ஓ தண்ணீர் எப்போதும் நிரப்பி வைத்திருக்கிறேன்.

கடல் தண்ணீர் எடுத்து மாற்றுகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், நல்ல தண்ணீர்தான். ஆனால் மழைக்குப் பிறகு ஆற்று முகத்துவாரத்துக்கு அருகில் எடுத்தால் கரும்புத் தோட்டத்து உரமும் சாக்கடையும் சேர்ந்து வரும். ஒரு வாரம் வெயில் அடித்த பிறகு, முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, கடல் ஏற்றத்தின்போது எடுங்கள்.

இரண்டாவது லைட், அதிலும் நாம் போடாத லைட். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதிய வழிகாட்டியில் தெற்கு ஜன்னல் பக்கம் தொட்டி வைக்காதே என்று இருக்கும். நமக்கு அது தலைகீழ். இங்கே தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்குப் பக்கம். ஜூன் மாதம் அது தாழ்ந்து வரும்போது வடக்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் வெகுதூரம் நுழையும். எங்கள் கூடத்தில் டிசம்பரில் ஜன்னல் படியோடு நிற்கிற வெயில் ஜூனில் எதிர்ச் சுவரில் உள்ள சாமிப் படம் வரை போகும், வழியில் தொட்டி இருக்கிறது. பாறையின் ஜன்னல் பக்கம் பச்சை, மறுபக்கம் சுத்தம் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், திரைச்சீலை போடுங்கள்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) கடுமையாக இருந்த 2023-ல் இன்னொன்றும் பார்த்தேன். முள் சுற்றுகிற பழைய டைமர் கரண்ட் போகும்போதெல்லாம் நின்றுவிடும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் நின்றால் மூன்று நாளில் பகல் இரவாக மாறிவிடும். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன், தொட்டி பளீரென்று எரிந்துகொண்டிருக்கிறது. ராத்திரி எட்டு மணி நேரம் லைட், பகலெல்லாம் ஜன்னல் வெளிச்சம், பாசிக்கு ஓய்வே இல்லை. பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கிய பிறகுதான் சரியானது. கரண்ட் சில மணி நேரத்துக்கு மேல் போய்விட்டால், மூடிய பில்டரைத் திரும்பவும் ஓட விடும் முன் பஞ்சை அலசுங்கள். உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் செத்ததெல்லாம் ஒரே மூச்சில் தொட்டிக்குள் கொட்டும்.

மூன்றாவது பாறை. யாரோ விட்ட பழைய தொட்டியிலிருந்து வாங்கிய பாறை என்றால் வருஷக்கணக்கில் உறிஞ்சிய பாஸ்பேட்டை மெதுவாகக் கக்கும். இங்கேதான் இரும்புக் குருணைக்கு வேலை. சொன்ன அளவில் கால் பங்கு போட்டு, வாரம் இரண்டு முறை அளந்து, 0.05-க்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பவளம் வெளுக்கும், மேலே சொன்ன டைனோ வரும்.

நத்தை பற்றி ஒரு வார்த்தை. 60 லிட்டருக்கு ட்ரோக்கஸ் நாலைந்து போதும். கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். டர்போ நன்றாக மேயும், ஆனால் மணலில் கவிழ்ந்தால் பெரும்பாலும் அப்படியே கிடந்து சாகும், செத்த நத்தை மறுபடி பாசிக்கு உரம். பாசி தின்னும் என்று சொல்லி டாங் மீனைச் சின்னத் தொட்டிக்குத் தள்ளிவிடுவார்கள். நீந்தி ஓடுகிற மீன் அது, 60 லிட்டரில் வைப்பது பாவம்.

முடி மாதிரிதான், ஆனால் உற்றுப் பார்த்தால் இறகு

ஒரு இழையைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு வையுங்கள். நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் சின்னக் கிளை, பெரணி இலை போல இருந்தால் பிரையாப்சிஸ். நத்தை இதைச் சீந்தாது. மருந்துக்கு எதிரியான நான் முதல் வழியாகவே மருந்து சொல்கிற ஒரே இடம் இது. ஃப்ளூகொனசோல் என்ற பூஞ்சை மருந்து, லிட்டருக்கு 5 மில்லிகிராம். பாறை அடைத்த இடத்தைக் கழித்து நிகரத் தண்ணீரைக் கணக்கிடுங்கள், 60 லிட்டர் தொட்டியில் 50 இருந்தால் 250 மில்லிகிராம். கார்பனை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றாமல் பொறுக்க வேண்டும். முதல் வாரம் எதுவுமே நடக்காது. அப்புறம் நுனி வெளுத்துச் சுருங்கும். சாகிற பாசி பாஸ்பேட்டைத் திரும்பக் கொடுக்கும், வெளுத்ததை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பச்சை முத்து

கண்ணாடிக் கோலி போல மினுங்கும், தொட்டால் விறைப்பாக இருக்கும். வலோனியா. ஒரு முத்து முழுவதும் ஒரே ஒரு செல் என்பது ஆச்சரியம்தான், ஆனால் தொட்டிக்குள் வைத்து உடைக்காதீர்கள். பாறையை வெளியே எடுத்து, அடியில் நகத்தைக் கொடுத்துத் திருகி, முழுசாகக் கழற்றி, அலசித் திரும்ப வையுங்கள்.

கண்ணாடியில் பச்சை மாவு

இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை காந்தத்தால் துடைக்க வேண்டியிருந்தால் அது சாதாரணம். தினமும் துடைத்தும் தீரவில்லை என்றால்தான் சாப்பாட்டைக் குறைக்க யோசியுங்கள்.

பாறையில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்பு

நகத்தால் சுரண்டினால் வராது, கெட்டியாக, வட்டம் வட்டமாகப் படரும். நிறத்தைப் பார்த்துப் பயந்து இதையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் படம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இது கோரலைன் என்ற சுண்ணாம்புப் பாசி. கால்சியமும் காரத்தன்மையும் சரியாக இருக்கிற தொட்டியில்தான் வரும், இது பிடித்த பாறையில் பச்சை முடி அவ்வளவு சுலபமாகக் கால் ஊன்றாது. முன் கண்ணாடியில் வந்ததை மட்டும் பார்வைக்காகச் சுரண்டுங்கள், பாறையிலும் பின் கண்ணாடியிலும் இருப்பதை விட்டுவிடுங்கள்.